‘பி’ போட்டால் போதாது: பகுதிநேர ஆட்களுக்கான வருகைப் பதிவேடுகள், ஒரு மதிப்பீடு

ராமநாதபுரம் டவுனிலோ கீழக்கரையிலோ ராமேசுவரத்திலோ, எந்த ஸ்டேஷனரிக் கடையில் போய் ‘அட்டெண்டன்ஸ் நோட்டு’ கேட்டாலும் ஒரே சாமான்தான் கைக்கு வரும். அகலவாக்கில் விரியும் நீள நோட்டு. இடது ஓரம் பெயர், அடுத்து 1 முதல் 31 வரை குட்டிக் குட்டிக் கட்டங்கள், கடைசியில் ‘மொத்தம்’. வந்தால் ‘பி’, வராவிட்டால் ‘ஏ’, அரை நாள் என்றால் குறுக்கே ஒரு சாய்கோடு. காலையில் வந்து இரவில் போகும் முழுநேர ஆளுக்கு இது ஒரு மாதிரி ஓடிவிடும். பகுதிநேர ஆளுக்கு ஓடாது. அவருடைய சம்பளம், விடுப்பு, இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பேறுகாலப் பணம் எல்லாம் மணிக் கணக்கிலும் நாள் கணக்கிலும்தான் நிற்கின்றன. இந்த நோட்டில் மணிக்கு இடமே இல்லை. நாளையும் பாதியாக வெட்டிவிடுகிறது.

இந்தக் கரையில் பகுதிநேர ஆள் இல்லாமல் பல கடைகள் திறக்கவே முடியாது. அக்னி தீர்த்தப் பக்கம் சங்கு, பாசிமணிக் கடைகளில் அதிகாலைக் கூட்டத்தைச் சமாளிக்க வருகிறவர்கள், லாட்ஜ்களில் காலை மட்டும் அறை பெருக்கித் துடைக்கிறவர்கள், கீழக்கரை, தொண்டி கடைத்தெருக்களில் சாயங்காலம் வரும் கல்லூரிப் பிள்ளைகள், மண்டபம், பாம்பன் பக்கம் இறால் உரிக்கவும் மீன் தரம் பிரிக்கவும் வரும் பெண்கள் என்று பட்டியல் நீளும். ‘நீ பார்ட் டைம்தானம்மா, உனக்கு ஏது லீவு’ என்ற பேச்சு இவர்கள் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். அந்தப் பேச்சில் உண்மை இல்லை. ஆனால் உண்மை இல்லை என்று காட்டக் கையில் பதிவு வேண்டும்.

அதனால்தான் கடையில் கிடைக்கும் பதிவு முறைகளை இங்கே எடைபோட்டிருக்கிறோம்: 31 கட்ட நோட்டு, வந்த நேரம், போன நேரம் எழுதும் தினசரிப் பதிவேடு, விரல்ரேகை மெஷின், செல்போன் செயலி. கூடவே ஊழியர் தன் கையில் வைத்துக்கொள்ளும் சின்ன நோட்டு. பதிவில் என்ன நிற்க வேண்டும் என்று தெரிந்தால்தான் எது நல்ல சரக்கு என்று சொல்ல முடியும். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

கடைகளுக்குப் பொருந்துவது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். (சாப்பாட்டு ஓட்டல்களுக்கு 1958இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, அங்கேயும் வாரம் 48 மணிதான்.) இதில் பகுதிநேரம் என்று தனி வகுப்பே கிடையாது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது மேல்வரம்பு. இத்தனை மணிக்குக் குறைந்தால் விடுப்பு இல்லை என்று கீழ்வரம்பு எதுவும் போடவில்லை. மிகைநேரம் சேர்ந்தாலும் நாளுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டக் கூடாது. அந்த மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. 5 மணி நேரம் என்று பேசி 7 மணி நேரம் வேலை வாங்கினால் அது 8க்கு உள்ளேதான் இருக்கிறது, இரட்டைக் கூலி கேட்க முடியாது. ஆனால் கூடுதல் 2 மணிக்கான சாதாரணக் கூலி கட்டாயம் உண்டு. ‘பி’ மட்டும் போட்ட நோட்டில் அந்த 2 மணி நேரம் எங்கே இருக்கிறது?

அதைவிட முக்கியம் விரிவு நேரம். வேலையும் இடைவேளையும் சேர்த்து ஒருவருடைய வேலைநாள் 12 மணி நேரத்துக்கு மேல் விரியக் கூடாது என்கிறது அதே சட்டம். ராமேசுவரத்தில் கூட்டம் காலையிலும் மாலையிலும்தான். காலை 5 முதல் 9 வரை வா, பிறகு மாலை 5 முதல் 9 வரை வா என்று ஒரு கடை சொல்கிறது. வேலை 8 மணி நேரம்தான், சரியாகத்தான் இருக்கிறது போலத் தோன்றும். ஆனால் நாள் 16 மணி நேரம் விரிந்துவிட்டது. நடுப்பகல் 8 மணி நேரத்தை வைத்துக்கொண்டு அந்த ஆள் வேறு வேலைக்கும் போக முடியாது, தங்கச்சிமடத்திலிருந்து வருகிறவர் என்றால் பஸ் செலவும் இரட்டிப்பு. 31 கட்ட நோட்டில் இது ஒரே ஒரு ‘பி’.

விடுப்புக்கு வருவோம். 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் சம்பளத்தோடு 12 நாள் ஆண்டு விடுப்பு. அதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். இது தவிர உடம்பு சரியில்லை என்றாலோ அடிபட்டாலோ 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். இந்த இரண்டுக்கும் முதல் வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பகுதிநேர ஆளுக்கு எவ்வளவு தருவது என்று குழம்பவும் வேண்டியதில்லை, சட்டமே வழி சொல்கிறது: முந்தைய 3 மாதத்தில் உண்மையாக வேலை பார்த்த நாட்களின் சராசரிக் கூலி, மிகைநேரப் பணம் நீங்கலாக. தினம் 4 மணி நேரம் 240 ரூபாய்க்கு வருகிற ஒருவர் 3 மாதத்தில் 75 நாள் வந்திருந்தால் மொத்தம் 18,000 ரூபாய், சராசரி 240. 12 நாள் விடுப்புக்கு 2,880 ரூபாய். குறைந்த நேரம் என்பது பணத்தில் தானாகவே கழிந்துவிடுகிறது. நாள் எண்ணிக்கையிலும் இன்னொரு முறை கழிப்பது தவறு.

வார விடுமுறையில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த நாளுக்கும் கூலி பிடிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் வாரத்தில் 6 நாளுக்குக் குறைவாக வேலை பார்க்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. 6 நாளும் 4 மணி நேரம் வருகிறவருக்கு உண்டு, 4 நாள் மட்டும் வருகிறவருக்கு இல்லை. இங்கேதான் சாய்கோடு கெடுதல் செய்கிறது. ஆறு அரை நாளைக் கூட்டி ‘3’ என்று எழுதிவிட்டால், 6 நாள் வந்த ஆள் 3 நாள் ஆளாக மாறிவிடுகிறார்.

முதலாளி தரப்பில் வரக்கூடிய ஒரு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கடையில் ‘முழுமையாகவோ முதன்மையாகவோ’ வேலை பார்க்கிறவரைத்தான் 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர் என்கிறது. இரண்டு மூன்று இடத்தில் மாறி மாறி வேலை பார்க்கிறவரிடம், எங்கள் கடை உங்களுக்கு முதன்மை இல்லை என்று வாதாட இடமிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லப்போவதும் மணிக் கணக்கு எழுதிய பதிவுதான்.

இனி நாள் எண்ணிக்கை. அரை நாட்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு நாளாக எழுதும் பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. கூலிக் கணக்குப் போட வசதி என்பதுதான் காரணம். இதன் விளைவை மீன் கொட்டகைகளில் கண்கூடாகப் பார்க்கலாம். இஎஸ்ஐயில் நோய்க்காலப் பணம் வாங்க, 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு ஏறியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாள். இதில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, கொட்டகையில் வேலை படுத்துவிடும். மீதி 122 நாள், சுமார் 17 வாரம். வாரம் 5 நாள் வந்தால் 85 நாள், 78ஐத் தாண்டிவிடலாம். வாரம் 4 நாள் வந்தால் 70ஐ ஒட்டி நின்றுவிடும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரம் 3 நாள், நாட்டுப்படகு மற்ற நாள் என்று முறை இருப்பதால், விசைப்படகுச் சரக்கை மட்டும் நம்பும் கொட்டகைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கடி. இந்த நிலைமையில் 85 அரை நாளை 42 நாள் என்று எழுதினால், காய்ச்சலில் படுத்தவருக்குச் சராசரிக் கூலியில் 70 விழுக்காடாக வந்திருக்க வேண்டிய பணம் நோட்டு எழுதிய விதத்தினாலேயே போகிறது. இஎஸ்ஐக்கு மாதாமாதம் ஏற்றும் கணக்கில் ‘சம்பளம் தரப்பட்ட நாட்கள்’ என்று தனிக் கட்டமே உண்டு. அதில் நாள் என்றால் அவர் கூலி வாங்கிய ஒவ்வொரு நாளும்தான்.

பேறுகாலத்திலும் இதே கதைதான். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு (முதல் இரண்டு குழந்தைகளுக்கு). 120 காலை வேளை வந்த பெண்ணை 60 நாள் என்று எழுதினால் அவருக்கு அது கிடைக்காது. போனசுக்கு ஆண்டில் 30 வேலைநாள் போதும், குறைந்தது 8.33 விழுக்காடு, அதுவும் நாள் கணக்குதான்.

கடையில் 10 பேர் இருந்தால் இஎஸ்ஐ பொருந்தும், 20 பேர் இருந்தால் பிஎஃப் பொருந்தும். அந்தத் தலைக்கணக்கில் வழக்கமாக வரும் பகுதிநேர ஆட்களும் சேர்த்தி. ‘பெர்மனென்ட் 7 பேர்தான்’ என்று தனி நோட்டு வைப்பது பலிக்காது. இஎஸ்ஐயில் ஊழியர் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25. மாதம் 7,000 ரூபாய் வாங்குகிறவருக்குக் கையிலிருந்து போவது 53 ரூபாய். சராசரி நாள் கூலி 176 ரூபாய்க்குள் என்றால் ஊழியர் ஒன்றும் கட்ட வேண்டாம், நிறுவனம் மட்டும் கட்டும். பகுதிநேர ஆட்கள் பலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். அவர்களிடமிருந்தும் பிடித்தம் செய்திருந்தால் திருப்பிக் கேட்கலாம்.

இவ்வளவையும் தாங்கக்கூடிய பதிவு எது?

31 கட்ட நோட்டை விட்டுவிடலாம். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் ஒரு ஆளுக்கு மூன்று வரி ஒதுக்குங்கள்: முதல் வரியில் வந்த நேரம், இரண்டாவதில் போன நேரம், மூன்றாவதில் மொத்த மணி. கட்டம் சின்னது, ‘5.10’ என்று நெருக்கி எழுத வேண்டும். இரண்டு வேளை வருகிறவருக்கு 5 வரி ஆகிவிடும், பக்கம் போதாது. கைமருந்து என்ற அளவில்தான் இது சரி.

எங்கள் தேர்வு தினசரி நேரப் பதிவேடு. ‘இன் அவுட் ரிஜிஸ்டர்’ என்று கேட்டால் சில கடைகளில் அச்சடித்ததே கிடைக்கும். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு வருகை, ஒரே ஒரு புறப்பாடு. இரண்டு வேளைக்காரர்களுக்கு அது உதவாது. கோடு போட்ட சாதாரண நீள நோட்டு ஒன்றை வாங்கி, ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று நாமே பத்தி போட்டுக்கொள்வது நல்லது. பெயர், வந்த நேரம், போன நேரம், இரண்டாம் வேளை வந்த நேரம், போன நேரம், மொத்த மணி, ஊழியர் கையெழுத்து. கடைசியில் ‘சீக்கிரம் போன காரணம்’ என்று ஒரு பத்தி.

இந்தக் கடைசிப் பத்தியைப் பலர் தேவையில்லை என்பார்கள். தேவை. நாள் கூலிக்கு வரச் சொல்லிவிட்டு, லோடு வரவில்லை என்று 2 மணி நேரத்தில் அனுப்பிவிட்டால், குறைந்தபட்சக் கூலியை நாள் கணக்கில் நிர்ணயித்த வேலைகளில் முழு நாள் கூலி தர வேண்டும். ஊழியர் வேலை செய்ய விருப்பமில்லாமல் தானே கிளம்பிப் போனால் மட்டும் அது பொருந்தாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. ‘கடை அனுப்பியது’, ‘தானே கேட்டுப் போனது’ என்ற இரண்டில் ஒன்றை அன்றைக்கே எழுதிவிட்டால் மாதக் கடைசியில் சண்டை வராது.

நோட்டு வாங்கும்போது பைண்டிங்கைப் பாருங்கள். ஸ்பைரல் வேண்டாம், ஒரு தாளை உருவினால் தெரியவே தெரியாது. பின் அடித்தது உப்புக்காற்றில் துருப்பிடித்து, ஆறு மாதத்தில் நடுத்தாள் கழன்றுவிடும். நூல் தைத்த, காலிகோ துணி ஒட்டிய நோட்டுதான் நிற்கும். பக்க எண் அச்சாகியிருந்தால் நல்லது. இல்லையென்றால் எழுதத் தொடங்கும் முன்பே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டு, முதல் பக்கத்தில் மொத்தப் பக்கம் எத்தனை என்று எழுதி முதலாளியும் ஊழியர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். ஐஸ் பெட்டிப் பக்கத்தில் ஈரக் கை பட்டால் எழுத்து கரைந்துவிடும். பால்பாயிண்ட் போதும். தவறினால் ஒற்றைக் கோட்டில் அடித்து மேலே எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். ஒயிட்னர் பூசிய பதிவேட்டை விசாரணையில் எந்த அதிகாரியும் நம்ப மாட்டார்.

நேரத்தை யார் எழுதுவது என்பதும் முக்கியம். ஊழியரே தன் கையால் எழுதுவதுதான் சரி. மேனேஜர் எழுதி மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கும் நோட்டில் எல்லா நாளும் 9.00, 1.00 என்று ஒரே மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட பதிவு ஊழியரையும் காப்பாற்றாது, கடையையும் காப்பாற்றாது.

விரல்ரேகை மெஷின் துணிக்கடை, மருந்துக்கடை, லாட்ஜ் ரிசப்ஷனுக்கு நன்றாகவே உழைக்கும். இறால் கொட்டகைக்கு அதை வாங்காதீர்கள். மணிக்கணக்கில் ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறி, ஓடு கீறிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும். வரும்போது பதிவாகிற விரல் போகும்போது பதிவாகாது. போன நேரம் விழாத நாளைப் பல மென்பொருள்கள் ‘வரவில்லை’ என்றோ அரை நாள் என்றோ கணக்கிட்டுவிடும். அங்கே முகம் பார்க்கும் மெஷின் பரவாயில்லை, மேலே ஒரு விளக்கு போட்டால் விடியற்காலையிலும் வேலை செய்யும். எந்த மெஷின் என்றாலும் நிறுவ வருகிறவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ‘முதல் பதிவு, கடைசிப் பதிவு’ முறையில் வைக்கிறாரா, எல்லாப் பதிவையும் எடுக்கும்படி வைக்கிறாரா? முதல் முறையில் வைத்தால், காலை 5 முதல் 9, மாலை 5 முதல் 9 வந்த ஆள் தொடர்ந்து 16 மணி நேரம் நின்றதாகக் காட்டும். நான்கு பதிவும் தனித்தனியாக விழ வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரி இருக்கிறதா, மெஷின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். இதிலிருந்து இறக்கும் எக்செல் தாளை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆகவே மாதக் கடைசியில் அச்செடுத்து இரு தரப்பும் கையெழுத்துப் போடாதவரை அது பாதிப் பதிவுதான்.

செல்போன் செயலிகளில் இருப்பிடத்தோடு நேரம் பதிவாகிறது. வீடு வீடாகப் போகிற டெலிவரி, வசூல் வேலைக்கு இதைவிட நல்லது இல்லை. குறை என்னவென்றால் கணக்கு முதலாளி பெயரில் இருக்கும். அவர் சந்தாவை நிறுத்தினாலோ ஆளின் பெயரை நீக்கினாலோ பழைய பதிவு ஊழியர் கைக்கு வராது. ஊழியர் தன் பதிவைத் தானே பார்க்கவும் இறக்கவும் விடுகிற செயலியை மட்டும் தேர்ந்தெடுங்கள். சின்னக் கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவே போதும்: ‘வந்தாச்சு’, ‘கிளம்பியாச்சு’ என்று இரண்டு செய்தி, நேரம் தானாக விழும். தானாக மறையும் செய்தி வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். மாதம் ஒருமுறை உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, ஊழியருக்கு நாங்கள் முதலில் சொல்வது சட்டைப்பை அளவு நோட்டைத்தான். விலை குறைவு, யாரும் பிடுங்க முடியாது. தேதி, வந்தது, போனது, வாங்கிய பணம் என்று நான்கே விஷயம் எழுதினால் போதும். பணத்தை ஜிபே போன்றவற்றில் வாங்கினால் குறிப்பில் ‘ஜூன் 1–15 சம்பளம், 48 மணி’ என்று எழுதச் சொல்லுங்கள்; வங்கி ஸ்டேட்மென்ட் ஒரு சாட்சியாகிவிடும். கடையில் பதிவேடு இருந்தால் வாரம் ஒருமுறை தன் பக்கத்தைப் படம் எடுத்து வைக்கலாம். பதிவேட்டுக் கணக்கும் இந்த நோட்டும் ஒத்துப்போனால், நீ வரவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முதலாளிகளுக்கு இன்னொரு மலிவான சாமான்: கார்பன் வைத்த டூப்ளிகேட் புத்தகம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும். கூடவே சம்பளச் சீட்டும் தர வேண்டும். நாள், மணி, மணிக்கு எவ்வளவு, பிடித்தம், மீதி விடுப்பு என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தால் நகல் கடையிலேயே நிற்கும். மணிக்கூலி போடும்போது அரசு அறிவித்த நாள் கூலியை 8ஆல் வகுத்ததற்குக் கீழே இறங்கக் கூடாது. அகவிலைப்படி ஏப்ரல் 1இல் மாறும் என்பதால் ஏப்ரல் சீட்டில் பழைய எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு 5 பண்டிகை நாள் என்று ஆண்டுக்கு 9 விடுமுறைகள் சம்பளத்தோடு தர வேண்டும். ராமேசுவரத்தில் அந்த நாட்களில்தான் கூட்டம் அலைமோதும். வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை. எது தரப்பட்டது என்பதைச் சீட்டில் எழுதிவிடுங்கள்.

பேச்சுவார்த்தையில் தீராவிட்டால் போக வேண்டிய இடம் ராமநாதபுரத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். மனு ஒரு பக்கம் போதும்: கடையின் பெயர், வேலைக்குச் சேர்ந்த தேதி, பேசிய மணி, நடந்த மணி, பாக்கி எவ்வளவு, அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பது. நோட்டின் நகலை மட்டும் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். மனுவின் நகலில் பெற்றதற்கான முத்திரை வாங்குங்கள். கூலிப் பாக்கியை 3 ஆண்டு வரை கேட்கலாம். வேலையை விட்டாலோ நீக்கினாலோ 2 வேலைநாளுக்குள் கணக்கை முடித்துத் தர வேண்டும். 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் கடைக்காரர் நீக்க முடியாது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம், அது தவறினால் வழக்கு பலவீனமாகிவிடும். ஆகவே வேலையை விட்டு நின்ற மறுநாளே சின்ன நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைக்காரரும் எழுதி முடிந்த பதிவேடுகளைக் குறைந்தது 3 ஆண்டுக்கு, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தரையிலிருந்து உயரமான பலகையில் வைத்திருங்கள்.